நூறாவது பறவை

எனக்கும் என் நண்பனுக்கும் பொதுவில் இருந்த சொத்து இரண்டு. ஒன்று தொலைநோக்கி, இன்னொன்று நோட்டு. பறவை பார்ப்பதை விட்டபோது தொலைநோக்கி என்னிடமும் நோட்டு அவனிடமும் தங்கிவிட்டன. பாகம் பிரித்துக்கொண்டோம் என்று சொல்வதற்கில்லை. கடைசியாகப் போய்விட்டு வந்த அன்று யார் கையில் எது இருந்ததோ அது அவரவர் வீட்டோடு நின்றுபோனது. ஒன்றில்லாமல் மற்றது உதவாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் பதினோரு வருடம் கொடு என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த நோட்டுக்கு ஒரு விதி உண்டு. ஒரு பறவையை ஒருவன் மட்டும் பார்த்திருந்தால் பென்சிலில் எழுத வேண்டும். மற்றவனும் பார்த்த பிறகுதான் அதன்மேல் மையால் எழுதலாம். மையில் இருந்தால்தான் எண்ணிக்கையில் சேரும். இந்த விதியைக் கொண்டுவந்தவன் அவன். காரணம் நான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற பழக்கம். குளத்தில் நான்கு நாரை நின்றால் பத்து என்பேன். அவன் எதிலும் ஒன்றைக் குறைத்தே சொல்வான். விதி அவனுக்குத் தேவைப்படவில்லை, எனக்காகப் போட்டுக்கொண்டது என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கே தெரியும்.

பெயர்களை நாங்கள் எடுத்தது எங்கள் கல்லூரி நூலகத்தில் இருந்த ஒரே ஒரு பறவைப் புத்தகத்திலிருந்து. இங்கிலீஷ் புத்தகம். எங்களுக்கு முன்னால் அதைப் படித்த யாரோ சில படங்களின் ஓரத்தில் பென்சிலால் தமிழ்ப் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். அப்படித்தான் ஆறுமணிக் குருவி எங்களுக்குப் பழக்கமானது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கத்துமாம். வடக்கே இருந்து தெற்கே போகும் வழியில் புரட்டாசி, ஐப்பசியில் சில நாட்கள் நம் பக்கம் தங்குமாம். தரையில் சருகைக் கிளறிப் பூச்சி தின்னுமாம். பச்சை முதுகு, இறக்கையில் பளீரென்று நீலம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. இவ்வளவு அழகான ஒன்று கள்ளக்குறிச்சிக்கு எதற்கு வரப்போகிறது என்று நான் சொல்வேன். படத்தின் கீழ்மூலை மட்டும் கிழிந்திருந்தது. பறவை இடுப்போடு நின்றது.

தொண்ணூற்றொன்பது வரை மையில் ஏறியது. அதற்குப் பிறகு ஏழு மாதம் ஒன்றும் வரவில்லை. அந்த ஏழு மாதமும் எனக்கு எரிச்சலாகவே இருந்தது. நூறு என்பது பெரிய விஷயமா என்று இப்போது கேட்டால் இல்லை என்பேன். அப்போது பெரிய விஷயம்தான்.

ஐப்பசியில் ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல். நான் மட்டும் சைக்கிளை மிதித்துக் கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் இருக்கும் ஓடைக்குப் போனேன். தூறிக்கொண்டே இருந்தது. கொண்டைக்குருவிகளையும் ஒரு மைனாவையும் தவிர ஒன்றும் பார்க்கவில்லை. நனைந்து திரும்பி, அவன் வீட்டுக்குள் நுழைந்து, போர்த்திக்கொண்டு படுத்திருந்தவனிடம், “ஆறுமணிக் குருவியப் பாத்துட்டேன்டா” என்றேன். ஏன் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். காலையிலிருந்து நனைந்ததற்கு ஏதாவது கிடைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அவன் எழுந்து உட்கார்ந்து நோட்டை எடுத்தான். எப்படி இருந்தது என்று கேட்டான். புத்தகத்தில் இருந்ததை எல்லாம் சொன்னேன். வால் எப்படி என்றான். அந்த இடம்தான் கிழிந்துபோயிற்றே. சொல்லாமல் விட்டால் சந்தேகம் வரும் என்று, “நீளம், ஆட்டிக்கினே இருந்துச்சி” என்றேன். வால் நீளம் என்று அவன் பென்சிலில் எழுதிக்கொண்டான்.

பத்து நாள் கழித்து அவன் என் வீட்டுக்கு வந்தான். “நானும் பாத்துட்டேன்” என்றான். பேனாவைத் திறந்து, என் எதிரிலேயே, பென்சில் எழுத்துகளின்மேல் ஒவ்வொன்றாக மையால் எழுதினான். வால் நீளம் என்பதன்மேலும் எழுதினான். நூறு.

அன்றோடு நாங்கள் போவது நின்றது. நூறு அடித்தாயிற்று, இனி என்ன என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டோம். உண்மையில் எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஓடையில் நான் பார்க்காத பறவையை அவன் எப்படிப் பார்த்தான்? உண்மையாகவே அது அங்கே வந்து நின்றதா? அப்படியானால் என் பொய்யைத் தெய்வம் காப்பாற்றியது என்று வைத்துக்கொள்ளலாம். இல்லை, அவனும் என்னைப் போல நூற்றுக்கு ஆசைப்பட்டுப் பொய் சொன்னானா? கேட்டுவிடலாம்தான். கேட்பதற்கு முதலில் என் பொய்யைச் சொல்ல வேண்டும். அதனால் கேட்காமல், அவனும் பொய்யன்தான் என்று உள்ளுக்குள் தீர்ப்பு எழுதி வைத்துக்கொண்டேன். அது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

பிறகு எனக்குக் கண்டக்டர் வேலை கிடைத்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் வழியாகக் கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ். கடைசி ஸ்டாப்பிங்கில் இறங்கி நின்றால் மலை தெரியும், கொஞ்ச தூரம் போனால் அந்த ஓடை. பல வருடம் அங்கே டீ குடித்திருக்கிறேன், ஓடைப் பக்கம் போனதில்லை. படியில் நின்றபடி வயலில் கொக்கும் கம்பியில் கரிச்சானும் கண்ணில் படும். அதெல்லாம் பார்த்ததில் சேராது. அவன் உரக்கடை வைத்தான். அவன் சொந்த ஊர் வடக்கனந்தல் என்பதால் மாதத்துக்கு ஓரிரு தடவை என் பஸ்ஸில் ஏறுவான். டிக்கெட் கொடுப்பேன். மழை ஜாஸ்தியா கம்மியா என்று பேசுவோம். இறங்கிவிடுவான்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. அந்தப் புரட்டாசியில் ஒரு வாரம் சாலை மறியல் என்றார்கள். முதல் நாள் விடிந்தபோது சாலையோரத்துப் புளியமரங்கள் வெட்டப்பட்டுச் சாலையின் குறுக்கே கிடந்தன. பஸ்கள் பணிமனைக்குள் நின்றன. நாங்கள் காலையில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, யார் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியாமல் மழையைப் பற்றியும் டயரைப் பற்றியும் பேசிவிட்டு வீடு திரும்புவோம். ஒரே டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடித்தவர்கள்கூட அந்த வாரம் தனித்தனியாகக் குடித்தார்கள். வேறு ஊர்களில் துப்பாக்கிச் சூடு என்று ரேடியோவில் சொன்னார்கள்.

ஊர் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பஸ் இல்லை, லாரி இல்லை, ஹாரன் இல்லை. மூன்றாம் நாள் காலை பணிமனையிலிருந்து திரும்பும்போது வேப்பமரத்தில் யாரோ சுத்தியால் தட்டுவது போலிருந்தது. நின்று பார்த்தேன். மரங்கொத்தி. தினமும் அங்கேதான் தட்டியிருக்க வேண்டும். எனக்குத்தான் பதினோரு வருடம் காது கேட்கவில்லை. அங்கேயே கால்மணி நேரம் நின்றேன். பழைய நமைச்சல் திரும்பிவிட்டது என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்து பெட்டியின் அடியிலிருந்து தொலைநோக்கியை எடுத்தேன். கண்ணாடி முழுக்கப் பூஞ்சை. பழைய வேட்டித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்து நின்றாள்.

“இன்னாத்துக்கு இப்பப் போய் அத்த எடுக்கறீங்க? ஊரு கீற நெலமைல அத்தக் கழுத்துல மாட்டிக்கினு எங்க போவப் போறீங்க?”

எங்கும் போகவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. என்னை அறிந்தவர்கள் யாரும் நான் சொல்வதை முதல் தடவையில் நம்புவதில்லை, ஒருவனைத் தவிர.

அவன் வீட்டுக்குப் போவதா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். போராடுகிறவர்கள் அவன் ஆட்கள். நான் அவர்களில் இல்லை. எங்களுக்குச் சாதி வேறு என்பது எப்போதும் தெரிந்ததுதான். ஆனால் அந்த வாரத்துக்கு முன்னால் அதை நினைத்துக்கொண்டு அவன் வீட்டுப் படியேறியதில்லை. அவர்கள் கேட்பது நியாயமா என்று என்னை யாராவது கேட்டிருந்தால் நியாயம்தான் என்று சொல்லியிருப்பேன். மரங்களைப் பற்றிக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் விடியற்காலையில் போய்க் கதவைத் தட்டினேன். அவனே திறந்தான். முகம் சவரம் செய்யாமல் இருந்தது.

“இன்னாடா இந்நேரத்துல?”

“சும்மாதான். பஸ்ஸு ஓடல.”

தோளில் தொங்கிய பையைப் பார்த்தான். “அத்தயா எடுத்துக்கினு வந்த?”

“ஆமா. பூஞ்சை புடிச்சிருந்துச்சி. தொடச்சிட்டன்.”

பையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, “தம்பிய முந்தாநேத்து போலீஸ் புடிச்சிக்கினு போய்ட்டாங்க. வக்கீலாண்ட சொல்லியாச்சி. நாளைக்கி வுட்டுருவாங்கன்றாங்க” என்றான். “வூட்ல குந்திக்கினு இன்னா பண்றது. இரு, வரேன்.”

உள்ளே போனவன் சட்டையை மாட்டிக்கொண்டு உடனே வந்தான். கையில் நோட்டு இருந்தது. தேடி எடுக்கிற நேரம்கூட ஆகவில்லை. அது கையெட்டும் இடத்திலேயே இருந்திருக்கிறது. என்னுடையது பெட்டிக்கு அடியில், நான்கு போர்வைகளுக்குக் கீழே கிடந்தது.

எங்கே போகலாம் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. ஏரிக்குப் போகலாம் என்று நானே சொல்லியிருக்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

“ஓடைக்கே போலாம்” என்றான்.

சைக்கிளில் போனோம். வடக்கனந்தலுக்கு முன்னால் ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. அந்த மரத்தின் பெயரில்தான் அங்கே ஸ்டாப்பிங். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவையாவது ‘மரம், மரம்’ என்று கத்தியிருப்பேன். அடிமரத்தின்மேல் நான்கைந்து வாலிபர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவனைப் பார்த்ததும் இறங்கினார்கள்.

“இன்னாண்ணே, கடைய சாத்திட்டு எங்க கெளம்பிட்டீங்க?”

“குருவி பாக்க.”

சிரித்தார்கள். ஒருவன் என்னைப் பார்த்தான். “அவரு?”

“அவரும் குருவி பாக்கத்தான்.”

“நீங்க மரத்தாண்ட நிறுத்தாத கண்டக்டரு தான?” என்றான் இன்னொருவன். “இனிமே நிறுத்தவே வேணாம் சார்.” சொல்லிவிட்டு என் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான். நான் அந்த ஸ்டாப்பிங்கில் எப்போதும் நிறுத்தியிருக்கிறேன். டிரைவர்தான் கொஞ்சம் தள்ளி நிறுத்துவார். அதை அங்கே விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

ஓடையில் தண்ணீர் கணுக்காலளவு ஓடியது. பதினோரு வருடத்தில் கண் மழுங்கிப்போயிருந்தது. இலை அசைந்தால் பறவை என்று நினைத்தேன், பறவை அசைந்தால் இலை என்று நினைத்தேன். அவன் கண் அப்படியே இருந்தது. குண்டுகரிச்சான் ஒன்றைக் காட்டினான். மூங்கில் புதருக்குள் வெள்ளை நாடாவாக இழுபட்டுக்கொண்டு போன அரசவால் ஈப்பிடிப்பானைக் காட்டினான். அதை மீண்டும் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று வருத்தமாகவும் இருந்தது. பத்து மணிக்கெல்லாம் பசித்தது. அவன் கொண்டுவந்திருந்த பொரியைப் பாறைமேல் உட்கார்ந்து தின்றோம்.

“நீ எந்தக் கல்லாண்ட பாத்த?” என்றான் திடீரென்று.

எதை என்று நான் கேட்கவில்லை. “நீ எங்க பாத்த?”

“மொதல்ல பாத்தது நீதான. நீ சொல்லு.”

“வருசம் ஆயிடுச்சி. கல்லுலாம் எடம் மாறியிருக்கும்.”

“கல்லு இன்னா, நடந்தா போவும்?”

நான் பொரியைத் தின்றேன். அவனும் மேலே கேட்கவில்லை. அவன் பார்த்த கல்லையும் காட்டவில்லை. பார்த்திருந்தால் காட்டியிருப்பான் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். இவ்வளவு வருடம் கழித்தும் அவனைப் பிடித்துவிட்டதில் எனக்கு ஒரு திருப்தி வந்தது. அந்தத் திருப்தியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தோம். சருகுகளில் எதுவும் வரவில்லை. திரும்பும் வழியில் மறியல் மரத்துக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை. வாலிபர்கள் சாப்பிடப் போயிருக்க வேண்டும். வெயில் இறங்கிவிட்டது, வெளிச்சம் இருந்தது. மரம் விழுந்து ஐந்து நாள் ஆனதில் கிளைகள் காய்ந்து, இலைகள் உதிர்ந்து சாலை முழுக்க மெத்தையாகக் கிடந்தன. சைக்கிளைத் தூக்கக் குனிந்தபோது விசில் கேட்டது.

இரண்டு விசில். ஒன்று, அதையொட்டிச் சற்று இறங்கி இன்னொன்று. என் தொழிலில் இரண்டு விசில் என்றால் வண்டி போகலாம் என்று அர்த்தம். பஸ்ஸே இல்லாத சாலையில் யார் விசிலடிப்பது என்று திரும்பினேன். அவன் என் கையைப் பிடித்து அழுத்தினான்.

விழுந்த மரத்தின் கிளைகளுக்கு அடியில், தார்ச்சாலையின்மேல், அது நின்றுகொண்டிருந்தது. எங்களுக்கும் அதற்கும் ஒரு பஸ் நீளம்கூட இருக்காது. புளிய இலைகளை அலகால் தள்ளியது, எதையோ எடுத்து விழுங்கியது, இரண்டு தத்தல் தத்தியது. பச்சை முதுகு. திரும்பியபோது இறக்கையில் அந்த நீலம். நான் தொலைநோக்கியில் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விதிப்படி அவனிடம் கொடுத்தேன்.

அவன் ரொம்ப நேரம் பார்த்தான்.

“அடியில செவப்பா கீதே” என்றான். அதுவும் கிழிந்த மூலையில்தான் இருந்திருக்க வேண்டும்.

கண்ணை எடுக்காமலே அடுத்ததைக் கேட்டான்.

“வாலு எங்கடா?”

வால் இல்லை. இருந்தது, ஆனால் வெட்டிவிட்டது போல ஒரு விரல் முனை அளவு. அதைத்தான் அது ஆட்டிக்கொண்டிருந்தது. அவன் சட்டைக்குள் செருகியிருந்த நோட்டில், அவன் கையெழுத்தில், மையில், வால் நீளம் என்று எழுதியிருந்தது. இனிச் சொல்வதற்குப் பொய் எதுவும் என்னிடம் மிச்சமில்லை.

“புக்குல அந்த எடம் கிழிஞ்சிருந்துச்சி” என்றேன்.

தொலைநோக்கியை இறக்கினான். பறவை எங்களைப் பார்த்தது. தாழப் பறந்து வேலிப் புதருக்குள் போயிற்று. உள்ளேயிருந்து இன்னொரு தடவை விசில் வந்தது.

“அப்ப நீ பாக்கவே இல்ல” என்றான்.

“இல்ல.”

அடிமரத்தின்மேல் உட்கார்ந்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நான் நாலு வாட்டி போனன்டா” என்றான். “காய்ச்சலு வுட்டதும் போனன். காலையில போய் சாயந்தரம் ஆறு மணி தாண்டற வரிக்கும் குந்திக்கினு இருந்தன். எனக்குக் கண்ணுல படல. நான் பாக்கலன்றதுக்காக நீ பாத்தது பென்சில்லயே கெடக்கணுமான்னு ஒருமாதிரி ஆயிடுச்சி. எழுதிட்டன். நீ மெய்யா பாத்துட்டு நிக்கற, நான் பொய்யி எழுதிக்கினு கீறேன். அன்னியிலிருந்து உன் மூஞ்சியப் பாக்க முடியல. பஸ்ஸுல ஏறனாகூட பின்னாடி போய்க் குந்திக்குவன்.”

பின்னால் போய் உட்கார்வதை நான் கவனித்திருக்கிறேன். கடை நன்றாக ஓடுகிறது, அதனால் வந்த திமிர் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு அழுகை வரவில்லை, வெட்கம் வந்தது. பதினோரு வருடம் நான் அவனைச் சந்தேகப்பட்டேன். அவன் என்னை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. எனக்காகவே ஒரு விதியைப் போட்டவன், கடைசியில் எனக்காகவே அதை மீறிவிட்டு, குற்றவாளி தான்தான் என்று நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். மன்னித்துவிடு என்று சொன்னேன். சத்தமாகச் சொன்னேனா என்று நிச்சயமாகத் தெரியவில்லை.

அவன் சட்டையிலிருந்து நோட்டை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, பேனாவோடு என்னிடம் நீட்டினான். “நீயே அடி.”

நூறாவது வரியின்மேல் கோடு இழுத்தேன். வால் நீளம் என்பதன்மேல் இன்னொரு கோடு இழுத்தேன். அடுத்த வரியில் பேனாவை வைத்தேன். “இப்ப ரெண்டு பேரும் பாத்துட்டம். விதிப்படி எழுதலாம்.”

“வேணாம்” என்றான்.

“ஏன்?”

“தொண்ணூத்தொம்போதுலயே நிக்கட்டும். நூறு எழுதிட்டா நீ மறுபடியும் வூட்டாண்ட வரமாட்ட.”

பேனாவை மூடிக் கொடுத்தேன். அவன் தொலைநோக்கியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான். நோட்டு என் கையிலேயே இருந்தது. அவன் கேட்கவில்லை, நானும் திருப்பிக் கொடுக்கவில்லை. முதலில் அவன் சைக்கிளையும் பிறகு என் சைக்கிளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மரத்தின்மேல் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கினோம்.